லேசர் டிஸ்க் பிளேயர் ஒன்று கிடைத்திருக்கிறது, ஓட வைக்க வழி சொல்லுங்கள்

வெள்ளித்தட்டு:
வணக்கம். வீடு காலி செய்தவர்கள் ஒதுக்கிய சாமான்களில் ஒரு லேசர் டிஸ்க் பிளேயர் (பெரிய இசைத்தட்டு அளவுத் தட்டில் பதிந்த படத்தை லேசரால் படித்து டிவியில் காட்டும் பழைய கருவி) கிடந்தது, கூடவே இரண்டு அட்டைப்பெட்டி நிறைய டிஸ்க்குகள். எல்லாவற்றையும் சேர்த்து வாங்கிவிட்டேன். பிளேயர் 1990களின் நடுவில் வந்த மாடல். டிஸ்க்கை நாம் திருப்பிப் போடாமலேயே இரண்டு பக்கத்தையும் தானே ஓட்டும் வகை, சி.டி.யும் போடலாம். விற்றவருக்கு அது ஓடுமா ஓடாதா என்பதே தெரியாது. எனக்கு சாலிடர் வைக்கத் தெரியும், மல்டிமீட்டர் இருக்கிறது, டேப் ரெக்கார்டர் இரண்டு மூன்றைச் சரி செய்திருக்கிறேன். லேசர் டிஸ்க்கை இதற்கு முன் கையால் தொட்டதுகூட இல்லை.

பெட்டியில் பாதி திரைப்படங்கள், அவை வேறு வடிவங்களிலும் கிடைக்கும். மீதி எல்லாம் பறவைகள், கடல், விண்வெளி என்று ஆவணப்படங்கள். நான் தேடிய வரை அவற்றில் சில வேறெந்த வடிவிலும் அகப்படவில்லை. அவற்றுக்காகத்தான் இந்தப் பிளேயர் எனக்கு வேண்டும். இன்னும் மின்சாரம் கொடுக்கவில்லை. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

சாலிடர்புகை:
செருகுவதற்கு முன் கேட்டது ரொம்ப நல்லது தம்பி. பிளேயரின் பின்பக்கம் வோல்ட் அளவு எழுதியிருக்கும், அதைப் படியுங்கள். ஜப்பான் உள்நாட்டுக்காகச் செய்த பிளேயர்கள் 100 வோல்ட்டில் ஓடுபவை. அதைத் தெரியாமல் 230 வோல்ட்டில் செருகினால் பியூஸ் போவதோடு நின்றால் அதிர்ஷ்டம், பெரும்பாலும் பவர் சப்ளையும் சேர்ந்து போகும். 100 வோல்ட் என்றிருந்தால் ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்குங்கள், பிளேயரில் எழுதியிருக்கும் வாட் அளவைப்போல இரண்டு மடங்கு தாங்குவதாக. 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்ற கவலை வேண்டாம், டிஸ்க் சுழலும் வேகத்தை உள்ளே இருக்கும் கிரிஸ்டல்தான் தீர்மானிக்கிறது.

அப்புறம் மூடியைக் கழற்றி உள்ளே டிஸ்க் ஏதாவது மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். டிஸ்க்கை உள்ளேயே வைத்து வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்த பிளேயர்கள் ஏராளம். டிஸ்க் குலுங்கிக் கீறலாகும், பிக்கப்பிலும், அதாவது டிஸ்க்கைப் படிக்கும் லேசரும் லென்ஸும் உள்ள பகுதியிலும் இடிக்கும்.

வெள்ளித்தட்டு:
100 வோல்ட்தான் அண்ணா! கேட்காமல் செருகியிருந்தால் அவ்வளவுதான். டிரான்ஸ்பார்மர் கையில் வர ஒரு வாரம் ஆகும். மூடியைக் கழற்றினேன், உள்ளே டிஸ்க் எதுவும் இல்லை. தூசி இருக்கிறது, துரு இல்லை. போர்டில் கண்டென்சர் எதுவும் உப்பவில்லை, கசிந்த கறையும் கண்ணில் படவில்லை.

மின்தடையன்:
தூசியைத் தட்டிவிட்டு எல்லா எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சரையும் மாற்றிவிடுங்கள். முப்பது வருடம் ஆன பொருள், ஒவ்வொன்றாகச் சோதிப்பது நேர விரயம்.

சாலிடர்புகை:
இதை நான் ஏற்க மாட்டேன். ஓடுமா என்றே தெரியாத பிளேயரில் நூற்றுக்கு மேல் கண்டென்சர்களைக் கழற்றி மாட்டினால், பிறகு ஒரு கோளாறு வரும்போது அது பழைய கோளாறா, நாம் கிளப்பிய கோளாறா என்று கண்டுபிடிக்கவே முடியாது. அந்தக் கால போர்டுகளில் செம்புத்தடம் மெல்லியது, சூடு அதிகமானால் பிய்த்துக்கொண்டு வரும். கசிந்தது, உப்பியது, சாலிடர் முனை பட்டதும் மீன் வாடை அடிப்பது, இவற்றை மாற்றுங்கள். மற்றவை அப்படியே இருக்கட்டும். லேசர் டிஸ்க் பிளேயரில் பத்துக்கு எட்டுத் தடவை கோளாறு ரப்பரிலும் கிரீஸிலும் தூசியிலும்தான் இருக்கும், இது என் கை அனுபவம்.

மின்தடையன்:
சரி, போர்டில் தடத்தைப் பிய்த்த அனுபவம் எனக்கும் உண்டு, அதை மறுக்க மாட்டேன். பவர் சப்ளை பகுதியையாவது மின்சாரம் கொடுத்ததும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

வெள்ளித்தட்டு:
டிரான்ஸ்பார்மர் வந்துவிட்டது. மின்சாரம் கொடுத்தேன், முகப்பு விளக்குகள் எரிகின்றன, பவர் சப்ளையிலிருந்து வரும் வோல்ட்டுகள் போர்டில் அச்சிட்டபடியே இருக்கின்றன. திறக்கும் பட்டனை அழுத்தினால் உள்ளே ஒரு மோட்டார் இரண்டு வினாடி கிர்ரென்று சுற்றுகிறது, டிரே அசையவில்லை, பிறகு அணைந்துவிடுகிறது.

கப்பியும்நூலும்:
இது பெல்ட். மோட்டார் சுற்றுகிறது, டிரே வரவில்லை என்றால் வேறு யோசனையே வேண்டாம். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, டிரே மோட்டாரின் கப்பியைக் கண்டுபிடியுங்கள், அதிலிருந்து பெரிய கப்பிக்கு ஒரு சின்ன ரப்பர் பெல்ட் போகும். பெரிய கப்பியை விரலால் மெதுவாகச் சுற்றினால் டிரே தானாக வெளியே வரும். வந்தால் பல்சக்கரங்கள் நலமாக இருக்கின்றன. அதை மட்டும் வேகமாகச் செய்யாதீர்கள், எங்காவது இறுகினால் நிறுத்துங்கள். பழைய பிளாஸ்டிக் பல் ஒன்று உடைந்தாலும் மாற்றுக்கு எங்கே போவது?

புது பெல்ட் வாங்கும்போது பழையதை அளந்து வாங்குகிறார்கள், அங்கேதான் தப்பு நடக்கிறது. பழையது நீண்டுபோனதால்தானே வழுக்குகிறது! இரண்டு கப்பியையும் சுற்றி ஒரு தையல் நூலை ஓட்டி, நூலின் நீளத்தை அளந்து, அதைவிட ஐந்து சதவீதம் போலக் குறைவான சுற்றளவில் வாங்குங்கள். பெல்ட்டின் குறுக்குவெட்டு சதுரமா தட்டையா என்று பார்த்து அதே வகை, அதே தடிமன். ரொம்ப இறுக்கமாகப் போட்டால் மோட்டாரின் புஷ் தேயும்.

புதியது வரும்வரை சோதிக்க வேண்டுமென்றால் பழைய பெல்ட்டைக் கொதித்து இறக்கிய நீரில் சில நிமிடம் போட்டு, துடைத்து, மாட்டிப் பாருங்கள், கொஞ்ச நாளுக்குப் பிடிமானம் வரும். நிரந்தரத் தீர்வு அல்ல.

வெள்ளித்தட்டு:
அப்படியே நடந்தது. விரலால் சுற்றினேன், டிரே மெல்ல வெளியே வந்தது. வெந்நீரில் போட்ட பெல்ட்டை மாட்டியதும் பட்டனுக்கே வருகிறது, போகிறது. சந்தோஷத்தில் உடனே ஒரு டிஸ்க்கை வைத்தேன். உள்ளே போனது, சுற்ற ஆரம்பித்தது, வேகம் கூடியது, அப்புறம் சுருதி இறங்கி நின்றுவிட்டது. டிரே திறந்துகொண்டது. நான்கு டிஸ்க் போட்டுப் பார்த்துவிட்டேன், ஒன்று போலவே.

மின்தடையன்:
லேசர் வலு குறைந்திருக்கும். பிக்கப்பின் பக்கத்தில் ஒரு சின்ன பிரிசெட், அதாவது திருப்பி அளவை மாற்றும் திருகு இருக்கும், அதைக் கால் சுற்றுத் திருப்பினால் லேசர் கரண்ட் கூடும், உடனே படிக்கும்.

சாலிடர்புகை:
தயவு செய்து அதைத் தொடாதீர்கள் தம்பி. இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், காரணம் இருக்கிறது. நான் முதன்முதலில் எடுத்த பிளேயரில் இதே ஆலோசனையைக் கேட்டு அந்த பிரிசெட்டைத் திருப்பினேன். இரண்டு வாரம் அருமையாக ஓடியது, மூன்றாவது வாரம் லேசர் டையோடு செத்தது. பிறகு நிதானமாகக் கழற்றிப் பார்த்தால் லென்ஸின் மேல் புகைப்படலம் போல் அழுக்கு. துடைத்திருந்தால் போதும், நல்ல பிக்கப் ஒன்றைக் கொன்றுவிட்டேன். பயனியர் நிறுவனம் கடைசி பிளேயர்களின் உற்பத்தியை முடித்துக்கொண்டது 2009இல். இப்போது கிடைக்கும் ஒவ்வொரு பிக்கப்பும் வேறொரு பிளேயரின் வயிற்றிலிருந்து எடுத்ததுதான்.

பிரிசெட்டுகள் ஆலையில் ஆசிலாஸ்கோப் வைத்துச் சரிசெய்தவை. ஃபோகஸ், டிராக்கிங், லேசர் கரண்ட் என்று ஒன்றோடொன்று பின்னியவை. ஒன்றைத் திருப்பினால் பழைய இடம் எது என்று தெரியாமல் போகும். எப்போதாவது தொட்டே ஆக வேண்டிய நிலை வந்தாலும் முதலில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுவிட்டுத் தொடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது இது. லேசர் டிஸ்க்கை விட்டுவிட்டு ஒரு சி.டி.யைப் போடுங்கள். இந்த மாதிரி பிளேயர்களில் இரண்டையும் அதே பிக்கப்தான் படிக்கிறது. சி.டி. நன்றாக ஓடினால் லேசரும் ஃபோகஸும் பெரும்பாலும் நலம், கோளாறு வேறெங்கோ. அதுவும் ஓடாவிட்டால் லென்ஸிலிருந்து ஆரம்பிப்போம்.

வெள்ளித்தட்டு:
சி.டி.யும் படிக்கவில்லை. மூன்று முறை முயன்று நின்றது.

சாலிடர்புகை:
அப்படியானால் லென்ஸ். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுத்தான் செய்ய வேண்டும். அந்த லேசர் 780 நானோமீட்டர், அகச்சிவப்பு, கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, தெரியவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை. எரிகிற லேசரை நேராகக் குனிந்து பார்க்கவே கூடாது.

முதலில் ரப்பர் பல்பால் காற்றை ஊதி தூசியை விரட்டுங்கள், இல்லாவிட்டால் துடைக்கும்போது அதே தூசி லென்ஸைக் கீறும். பிறகு பஞ்சுக்குச்சியின் நுனியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, அதிகமாக இருப்பதைத் துணியில் ஒற்றிவிட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒரே சுற்று. அழுத்தவே கூடாது. அந்த லென்ஸ் மயிரிழை போன்ற ஸ்பிரிங்குகளில் தொங்குகிறது, பஞ்சின் கனம் பட்டால் போதும். காய்ந்த குச்சியால் இன்னொரு சுற்று. லென்ஸை ஒட்டியே சின்னதாக இரண்டு மூன்று கண்ணாடிப் புள்ளிகள் தெரியும், அது சாய்வு உணரி. அதையும் துடையுங்கள், பலரும் விட்டுவிடுவது அதைத்தான்.

வெள்ளித்தட்டு:
ஓடுகிறது!! பஞ்சுக்குச்சியின் நுனி வெளிர்ப் பழுப்பாக வந்தது, சிகரெட் புகை படிந்த ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தது போல. இரண்டு குச்சி மாற்றினேன். சி.டி. போட்டதும் பிடித்துக்கொண்டது. அப்புறம் கடல் ஆவணப்படம் ஒன்றை வைத்தேன், சுழலும் சத்தம் விமானம் ஓடுதளத்தில் கிளம்புவது போல் ஏறி ஏறி ஒரு சுருதியில் நின்றது, திரை நீலமாக இருந்தது, பிறகு படம். முப்பது வருடம் யாரும் பார்க்காத படமாகக்கூட இருக்கலாம். நான் நாற்காலியில் உட்காரவே மறந்துவிட்டேன்.

இரண்டு குறை இருக்கிறது. படத்தின் குறுக்கே மங்கலான சாய்ந்த கோடுகள் மெதுவாக நகர்கின்றன. இன்னொன்று, 38 நிமிடத்துக்கு மேல் போகவில்லை, அதே நான்கு வினாடிக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. வேறு டிஸ்க்கிலும் ஏறக்குறைய அதே இடம். பழைய இசைத்தட்டில் ஊசி சிக்கினாற்போல.

ஊசிமுனை:
ஊசி என்றதும் வந்துவிட்டேன். உண்மையிலேயே ஊசியால் படம் படித்த வடிவம் ஒன்று உண்டு, ஆர்.சி.ஏ. 1981இல் கொண்டுவந்த சி.இ.டி. கார்பன் கலந்த பி.வி.சி. தட்டு, அதன் பள்ளத்தில் வைர ஊசி ஓடும், ஊசியின் மேல் பூசிய உலோகத்துக்கும் தட்டுக்கும் இடையே மாறும் மின்தேக்குத்திறனிலிருந்து படத்தை எடுப்பார்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது, அதில் இப்படிச் சிக்கினால் பள்ளத்தில் தூசி. உங்களுடையதில் லேசர் எதையும் தொடுவதில்லை, அதனால் தூசி இப்படி ஒரே இடத்தில் நிறுத்தாது. எல்லா டிஸ்க்கிலும் அதே இடம் என்றால் டிஸ்க்கின் குறை அல்ல, பிளேயரின் குறை.

சாலிடர்புகை:
ஊசிமுனை சொல்வது சரி. இந்த டிஸ்க்குகள் உள்ளிருந்து வெளியே படிக்கப்படுபவை. 38 நிமிடம் என்றால் பிக்கப் வண்டி மையத்திலிருந்து கிளம்பி ஏதோ ஓர் இடத்தில் நகர முடியாமல் நிற்கிறது. வண்டி நின்றாலும் லென்ஸ் தன்னால் முடிந்தவரை சாய்ந்து தடத்தைத் துரத்தும், எல்லை வந்ததும் துள்ளிப் பின்னால் விழும், மறுபடி துரத்தும். உங்கள் நான்கு வினாடிக் காட்சி அதுதான். வண்டி ஓடும் ரெயிலிலும் பல்சக்கரத்திலும் உள்ள பழைய கிரீஸ் இறுகியிருக்கும். பழையதை ஆல்கஹாலால் முழுக்கத் துடைத்தெடுங்கள், அதன் மேலேயே புதியதைத் தடவாதீர்கள். பிளாஸ்டிக்கைப் பாதிக்காத வெள்ளை கிரீஸ், விரலில் தேய்த்தால் பளபளப்பு மட்டும் தெரியும் அளவு போதும்.

சாய்ந்த கோடுகள் பக்கத்துத் தடத்தின் ஒளி கலப்பதால் வருபவை. தடங்களுக்கு இடைவெளி 1.6 மைக்ரான் அளவுதான், 30 சென்டிமீட்டர் டிஸ்க் லேசாகக் கிண்ணம் போல் வளைந்திருந்தாலும் ஒளிப்புள்ளி பக்கத்துத் தடத்தில் சிந்தும். அதைச் சரிசெய்யத்தான் சாய்வு உணரி. சாய்வு உணரியைத் துடைத்தீர்களா?

கோடிட்டதிரை:
கோடுகள் எல்லா டிஸ்க்கிலும் வருகின்றனவா என்றும் பாருங்கள். இந்த வடிவத்தில் இரண்டு விதம் உண்டு. சி.ஏ.வி. என்றால் வேகம் மாறாது, என்.டி.எஸ்.சி. (ஜப்பான், அமெரிக்க டிவி முறை) டிஸ்க்கில் நிமிடத்துக்கு 1800 சுற்று, ஒரு சுற்றுக்கு ஒரு ஃபிரேம், ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம், 54,000 ஃபிரேம். சி.எல்.வி. என்றால் 1800இல் தொடங்கி விளிம்பில் 600க்கு இறங்கும், ஒரு பக்கத்துக்கு 60 நிமிடம். சி.ஏ.வி.யில் ஒவ்வொரு சுற்றிலும் சிங்க் பல்ஸ் (வரியும் படமும் தொடங்கும் இடத்தை டிவிக்குச் சொல்லும் குறி) ஒரே கோணத்தில் வரிசையாக விழுவதால் பக்கத்துத் தடம் கலந்தாலும் கண்ணுக்குத் தெரிவது குறைவு. சி.எல்.வி.யில் அது அலைந்துகொண்டே இருக்கும், அதனால்தான் கோடு நகர்கிறது. எது எந்த விதம் என்று அட்டையைப் பார்க்காமலே கண்டுபிடிக்கலாம், டிஸ்க்கை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தால் சி.ஏ.வி.யில் மையத்திலிருந்து விளிம்பு வரை நேர்கோடாக இரண்டு பட்டைகள் எதிரெதிரே தெரியும், சக்கரத்தின் ஆரக்கால் போல. அது ஒரு ஃபிரேமின் இரண்டு பாதிகளான ஃபீல்டுகளுக்கு நடுவே வரும் வெற்றிடம். வீடியோவின் உடற்கூற்றைக் கண்ணால் பார்க்க முடிகிற வடிவம் வேறெது? எனக்கு இன்றும் அது அலுக்கவில்லை.

மின்தடையன்:
ஒரு எச்சரிக்கை, மூடி இல்லாமல் ஓட்டிப் பார்க்கும்போது கையை எட்ட வைத்துக்கொள்ளுங்கள். 30 சென்டிமீட்டர் டிஸ்க் 1800 சுற்றில் ஓடும்போது விளிம்பின் வேகம் நொடிக்கு 28 மீட்டர், மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். லேசர் கரண்ட் விஷயத்தில் நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், பெரியவர் சொன்னதே சரி.

வெள்ளித்தட்டு:
சாய்வு உணரியை முதல் தடவை சரியாகத் துடைக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். இப்போது துடைத்ததும் கோடுகள் முக்கால்வாசி போய்விட்டன, சி.ஏ.வி. டிஸ்க்கில் சுத்தமாகவே இல்லை. ஆரக்கால் பட்டைகளையும் பார்த்தேன், என் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

கிரீஸ் விஷயமும் சரி. ரெயிலில் இருந்தது கிரீஸ் என்றே சொல்ல முடியாது, உருகி உறைந்த மெழுகு போல் பழுப்பாக, பல்குத்தும் குச்சியால் சுரண்டித்தான் எடுத்தேன். இப்போது முதல் பக்கம் முழுக்க ஓடுகிறது, கடைசியில் சுழலும் சத்தம் தணிந்து தணிந்து மெல்லிய முனகலாகிவிடுகிறது.

ஆனால் இரண்டாவது பக்கம்! முதல் பக்கம் முடிந்ததும் டிஸ்க் நிற்கிறது, வண்டி விளிம்புக்கு ஓடுகிறது, மேலே ஏறும் வளைவில் பாதியிலேயே நின்று முனகுகிறது, பிறகு திரும்பி வந்துவிடுகிறது.

சாலிடர்புகை:
நேர் ரெயிலை மட்டும் துடைத்திருக்கிறீர்கள். வண்டி டிஸ்க்கின் விளிம்பைச் சுற்றி மேலே ஏறித் தலைகீழாகத் திரும்பி, மேலிருந்து கீழ்நோக்கிப் படிக்க வேண்டும். அந்த வளைவுத் தடத்தில்தான் கிரீஸ் அதிகமாகத் தடவியிருப்பார்கள். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, வண்டியை ஓட்டும் பல்சக்கரத்தை விரலால் மெதுவாகச் சுற்றி, வண்டியை நீங்களே வளைவில் ஏற்றிப் பாருங்கள். எங்கே இறுகுகிறது என்று விரலே சொல்லும். அங்கே துடைத்து, மெலிதாகத் தடவி, ஏழெட்டுத் தடவை மேலும் கீழும் ஓட்டுங்கள். வண்டியோடு கூடவே போகும் ரிப்பன் கேபிளையும் பாருங்கள், மடிப்பில் வெடிப்போ வெள்ளைக் கோடோ இருந்தால் சொல்லுங்கள். வண்டியை நேராகப் பிடித்து மட்டும் தள்ளாதீர்கள், பல் நழுவினால் கோணம் மாறிவிடும்.

அலைவரிசை:
இதற்கிடையில் ஒரு வேண்டுகோள். அந்த ஆவணப்படங்கள் வேறெங்கும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பிளேயர் நன்றாக ஓடுகிற இந்த நாட்களிலேயே அவற்றைப் பிரதி எடுத்துவிடுங்கள். வீடியோ அவுட்டிலிருந்து கேப்சர் செய்வது ஒரு வழி. அதைவிட நல்ல வழி, போர்டில் ஆர்.எஃப். என்று எழுதிய டெஸ்ட் பாயிண்ட் ஒன்று இருக்கும், பிக்கப் படித்த மூல சிக்னல் அங்கே அப்படியே வருகிறது. டோம்ஸ்டே டூப்ளிகேட்டர் என்ற திறந்த வடிவமைப்புக் கருவி அதை நொடிக்கு 4 கோடி மாதிரிகளாக, 10 பிட்டில் பதிகிறது. பிறகு எல்டி-டிகோட் என்ற மென்பொருள் பிளேயர் செய்யும் வேலை முழுவதையும் கணினியிலேயே செய்து படத்தை எடுக்கிறது. 1986இல் பி.பி.சி. வெளியிட்ட டோம்ஸ்டே டிஸ்க்குகளைக் காப்பாற்றும் முயற்சியில் பிறந்தது அந்தக் கருவி, பெயரும் அதிலிருந்தே.

இடம் நிறைய வேண்டும். நொடிக்கு 50 மெகாபைட், ஒரு மணி நேரப் பக்கம் 180 ஜிகாபைட் ஆகும், சுருக்கினால் குறையும். அதே டிஸ்க்கின் வேறு பிரதி யாரிடமாவது இருந்தால் இரண்டையும் பதிந்து, ஒன்றில் விடுபட்ட இடத்தை மற்றதால் நிரப்பவும் முடியும். டிஸ்க்கில் புள்ளி புள்ளியாக வண்ணத் தூறல் தெரிந்தால் அவசரம் இன்னும் அதிகம். இரண்டு அக்ரிலிக் தட்டுகளை ஒட்டிச் செய்தது இந்த டிஸ்க், உள்ளே அலுமினியப் படலம். சிலவற்றில் படலம் ஆக்சிஜன் பட்டு அரிக்கிறது, லேசர் ராட் என்பார்கள். அதற்கு மருந்து கிடையாது. துடைப்பதால் பயனும் இல்லை, அரிப்பு உள்ளே இருக்கிறது.

வெள்ளித்தட்டு:
அண்ணா, ஒரு டிஸ்க்கில் அந்தத் தூறல் இருக்கிறது, இரண்டாவது பக்கத்தில் மட்டும் என்று நினைக்கிறேன், டிஸ்க்கைக் கையால் திருப்பி வைத்துப் பார்த்தேன். மற்றவற்றில் படம் சுத்தம். அப்படியென்றால் பிளேயரின் கோளாறு இல்லை, சரிதானே?

அலைவரிசை:
சரிதான். மற்ற டிஸ்க்குகளில் வராமல் ஒன்றில் மட்டும், ஒரு பக்கத்தில் மட்டும் வந்தால் டிஸ்க்தான். அதை முதலில் பதியுங்கள். மீதியை நிமிர்த்தி நெருக்கமாக அடுக்கி வையுங்கள், படுக்கையாகக் குவித்தால் வளையும், வளைந்தால் மறுபடி அந்தச் சாய்ந்த கோடுகள்.

கோடிட்டதிரை:
டிவியில் எந்த இணைப்பு? எஸ்-வீடியோ இருந்தால் அதுதான் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்ய வேண்டாம். இந்த டிஸ்க்கில் பதிந்திருப்பதே நிறமும் வெளிச்சமும் ஒன்றாகக் கலந்த காம்போசிட் சிக்னல், டிஜிட்டல் வீடியோ அல்ல. நிறத்தையும் வெளிச்சத்தையும் யாராவது ஒருவர் பிரித்தே ஆக வேண்டும், எஸ்-வீடியோவில் பிளேயர் பிரிக்கிறது, காம்போசிட்டில் டிவி பிரிக்கிறது. இரண்டில் எது நன்றாகப் பிரிக்கிறதோ அதைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கட்டம் போட்ட சட்டை, ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி நெருக்கமான கோடுகள் உள்ள காட்சியில் நிறுத்திப் பாருங்கள், வானவில் நிறம் எதில் குறைவோ அது.

கப்பியும்நூலும்:
புது பெல்ட் வந்ததா? வெந்நீர் பெல்ட்டை நம்பி மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள், உள்ளே டிஸ்க் இருக்கும்போது அது வழுக்கினால் டிஸ்க்கை வெளியே எடுக்க மறுபடி மூடியைக் கழற்ற வேண்டும்.

வெள்ளித்தட்டு:
நான்கு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள், வளைவை அவசரமில்லாமல் செய்ய வேண்டும் என்று விடுமுறைக்குக் காத்திருந்தேன். புது பெல்ட் வந்து மாட்டியாகிவிட்டது, நூல் வைத்து அளந்த கணக்கு சரியாகப் பொருந்தியது.

பல்சக்கரத்தை விரலால் சுற்றி வண்டியை ஏற்றினேன். வளைவின் நடுப்பகுதியில் விரலுக்குத் தெரிந்தது, கதவுக் கீல் இறுகியிருந்தால் கைக்குத் தெரியுமே, அப்படி. பல்சக்கரத்தின் இரண்டு பற்களுக்கு நடுவே கிரீஸ் கட்டியாக உறைந்து ஒரு பல் அளவுக்கு அடைத்திருந்தது. அதைக் குச்சியால் எடுத்ததும் வண்டி வழுக்கிக்கொண்டு மேலே போனது. ரிப்பன் கேபிளின் மடிப்பில் வெடிப்பு எதுவும் இல்லை.

மூடியைப் போட்டுவிட்டு ஒரு திரைப்படத்தின் முதல் பக்கத்தின் கடைசி ஐந்து நிமிடத்தை ஓட்டினேன். பக்கம் முடிந்தது. டிஸ்க் நின்றது. வண்டி விளிம்புக்குப் போகும் சத்தம், பிறகு வளைவில் ஏறும் வேறொரு சத்தம், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பிறகு மேலிருந்து ஒரு கிளிக். டிஸ்க் எதிர்த்திசையில் சுழல ஆரம்பித்தது. எதிர்த்திசை என்று மூடிக்கு வெளியிலிருந்து எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள், டார்ச்சை வைத்து முகப்பு இடுக்கு வழியாகப் பார்த்தேன். விட்ட வசனத்தின் அடுத்த வசனம் வந்தது.

சாலிடர்புகை:
அருமை தம்பி. முப்பது வருட பல்சக்கரம் ஒன்றுகூட உடையாமல் வந்திருக்கிறது, அது உங்கள் நிதானம். சிம்மாசனத்தில் வைப்பது போல் நல்ல சமமான மேசையில் வையுங்கள், மேலே வேறெதையும் அடுக்காதீர்கள். வேலை முடிந்ததும் டிஸ்க்கை வெளியே எடுத்துவிடுங்கள்.

மின்தடையன்:
வாழ்த்துகள். தூறல் உள்ள டிஸ்க்கைப் பதிந்தாயிற்றா?

வெள்ளித்தட்டு:
நேற்று இரவு வீடியோ அவுட் வழியாக ஒரு பிரதி எடுத்துவிட்டேன், ஆர்.எஃப். கருவிக்குச் சொல்லியிருக்கிறேன், வந்ததும் மறுபடி பதிவேன். அது பறவைகள் பற்றியது, சி.ஏ.வி. டிஸ்க். மீன்கொத்தி ஒன்று கிளையிலிருந்து நீருக்குள் பாயும் காட்சியில் நிறுத்தி, ரிமோட்டில் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினேன். நின்ற படம் அசையவே இல்லை, டிஸ்க் மட்டும் உள்ளே அதே 1800இல் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரே சுற்றைத் திரும்பத் திரும்பப் படித்தபடி. அலகு நீரைத் தொடும் ஃபிரேமில் நீர் இன்னும் உடையவில்லை, கண்ணாடி போல் உள்வாங்கியிருக்கிறது. அடுத்த ஃபிரேமில் தலை உள்ளே போய்விட்டது, அதன் வலது ஓரத்தில் மூன்று சிவப்புப் புள்ளிகள், அரிப்பு. ஃபிரேம் எண் 21,408. இதே டிஸ்க் உங்களில் யாரிடமாவது இருந்தால் அந்த ஃபிரேம் உங்களிடம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள், அட்டையின் படத்தைக் கீழே போடுகிறேன்.